விருந்தில் சொன்னதை மறுநாள் கேட்பது

அன்பு மகள் நவோமிக்கு,

உன் தந்தை கிளென்ராய் பார்ன்ஸ் எழுதுகிறேன். இறையருளால் நானும் உன் அம்மாவும் சுகம். கனடாக் குளிரில் நீயும் அவ்வாறே இருப்பாய் என நம்புகிறேன். என் வேலை குறித்து உன் அம்மா தொலைபேசியில் அழுதுகொண்டே எதையேனும் சொல்லுமுன், நடந்ததை நடந்தபடி உனக்குத் தெரிவிப்பதே இக்கடிதத்தின் நோக்கம்.

சென்ற வெள்ளிக்கிழமை வெந்நீர் ஊற்று விடுதியில் எங்கள் பள்ளி ஆசிரியர்களின் ஆண்டிறுதி விருந்து நடந்தது. மற்றவர்கள் பீர் குடிக்க, நான் வழக்கம்போல் பார்லித் தேநீர் குடித்தேன். துணைத் தலைமையாசிரியர் ஒனோதெரா முகம் சிவக்க என்னருகே வந்தமர்ந்து, "பார்ன்ஸ் சார், ஏப்ரல்லேர்ந்து இங்க வெளிநாட்டு வாத்தியாரே வேண்டாம்னு கல்வி அலுவலகத்துல பேசிக்கிறாங்க. டோக்கியோவுலேர்ந்து யாரோ திரையில வந்து இங்கிலீஷ் நடத்தினாப் போதுமாம். மனசு கேக்கல, சொல்லிட்டேன்" என்று என் தோளில் சாய்ந்து அழுதார். திங்கட்கிழமை அதே மனிதர், "பனி செமையாக் கொட்டுது இல்ல சார்?" என்று சொல்லிக் கடந்துபோனார். குடித்தபோது சொன்னதை மறுநாள் பேச்செடுக்கக் கூடாது என்னும் இந்த ஜப்பானிய ஊர் முறை, இங்கேயே பிறந்து வளர்ந்த உனக்குத் தெரியாததன்று. உன் அம்மாவும், "இருபது வருஷமா இங்க குப்பை கொட்டுறீங்க, இதுகூடவா தெரியாது? நீங்க வாயைத் திறந்தா அந்த மனுஷன் மானம் போயிடும்" என்கிறாள். முறைகளை மதிப்பவன் நான். ஆனால் மறந்துவிடும் சலுகை குடித்தவருக்கே உரியது. தேநீர் குடித்தவன் மறந்ததாக நடித்தால் அது பொய்.

வேலை போனால் அதனோடு கிடைத்த வீடும் போகும்; அது சிறிய செய்தியன்று. எனினும் என்னை உறுத்துவது வேறு. வகுப்பில் வாயே திறக்காத கொஹாரு என்னும் சிறுமி, மதிய உணவுக்குப் பின் மாணவரும் ஆசிரியருமாக நாங்கள் எல்லோரும் முழங்காலிட்டு நடைக்கூடம் துடைக்கும்போது, ஈரத்துணியை என் பக்கம் தள்ளி, "தண்ணி ஐஸா இருக்கு, இப்ப உங்க முறை" என்று முழுமையான ஆங்கிலத்தில் சொல்கிறாள். திரையில் வருபவர் தரை துடைக்க வரமாட்டார். முடிவெடுக்குமுன் அலுவலகத்தார் ஒருநாள் அந்நேரத்தில் வந்து பார்க்க வேண்டும் என்பதே என் கோரிக்கை.

ஒனோதெராவின் பெயரைச் சொல்லாமல் இதை நாளை கேட்கப்போகிறேன் என்று இன்று மாலை அவரிடமே அறிவித்தேன். "நானா? என்ன சொன்னேன்? ஒரு எழவும் ஞாபகமில்லையே" என்றார். பிறகு காலணி மாற்றியபடி, நிமிராமலே, "கேக்குறதுன்னா சத்தமாக் கேளுங்க சார். தலைமையாசிரியருக்கு ஒரு காது மந்தம், வசதிப்பட்டா ரெண்டும் மந்தம்" என்றார்.

ஜமைக்காவுக்கே போய்விடுங்கள் என்று நீ எழுத வேண்டாம். எனக்கு வீடு இதுதான். குளிரில் காதை மூடிக்கொள், ஞாயிறு ஆராதனையைத் தவறவிடாதே. அம்மா அனுப்பிய உலர்பழப் பொட்டலம் வந்ததா என அவளுக்கு மறவாமல் எழுது. ஆண்டவர் உன் போக்கையும் வரவையும் காப்பாராக.

நாளைக் காலை ஆசிரியர் கூட்டத்தில், ஏப்ரலுக்குப் பின் இப்பள்ளியில் நான் உண்டா இல்லையா என்று, எல்லோர் முன்னிலையிலும் எழுந்து நின்று, உரக்கக் கேட்கப்போகிறேன்.

உன் அப்பா,
கிளென்ராய் பார்ன்ஸ்