இருபது நிமிடப் பரங்கிக்காய்

அக்டோபர் 4

பத்திரிகையில் என் புதுச் சமையல் பக்கத்துக்குத் தலைப்பு வைத்தாயிற்று: 'இருபது நிமிடத்தில் இலையுதிர் காலம்.' ஆசிரியருக்கு ஒரே பூரிப்பு. கறி, மீன் கூடாது. பால், முட்டை கூடாது. இந்தப் பருவத்தில் விளைந்ததாக இருக்க வேண்டும். முக்கியமாக, சுலபமாக இருக்க வேண்டும். எட்டு வாரம், எட்டு சமையல். நாற்பது வருஷம் கறிக்கடை வைத்திருந்தவரின் மகன் நான். என்னை விட்டால் இதற்கு வேறு யார் பொருத்தம்?

அப்பா இன்றும் சாப்பிடவில்லை. ஆகஸ்டில் நெஞ்சுவலி வந்து ஆஸ்பத்திரியில் கிடந்தார். கறியைக் கண்ணாலும் பார்க்கக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அன்றிலிருந்து என் வீட்டில்தான் இருக்கிறார். இரண்டு துண்டு ரொட்டி, டீ, அதோடு சரி. ஒன்பது கிலோ இறங்கிவிட்டது.

மத்தியானம் பீட்ரூட் சூப்பை முன்னால் வைத்தேன். மோந்து பார்த்தார்.

"மண்ணு வாசனை அடிக்குது. நீயே குடி."

குடித்தேன். மண் வாசனைதான் அடித்தது. நான் அதை 'நிலத்தின் நறுமணம்' என்றல்லவா எழுதி வைத்திருக்கிறேன்!

அக்டோபர் 7

அக்கா போன் செய்தாள். "நீ சமைக்கிறத அவர் எப்படிடா சாப்பிடுவாரு? கொஞ்சம் அன்பா ஊட்டி விடேன்." ஆயிரம் மைல் தள்ளி உட்கார்ந்திருந்தால் எனக்கும் இப்படி நல்ல நல்ல யோசனையெல்லாம் வரும்.

அக்டோபர் 9

பரங்கிக்காய். கத்தி பாதியில் சிக்கிக்கொண்டது. இறங்கவும் இல்லை, வெளியே வரவும் இல்லை. காயைக் கத்தியோடு தூக்கி மேடையில் அடித்துக்கொண்டிருந்தேன். சமையலறை வாசலில் நாற்காலி போட்டு அப்பா வேடிக்கை பார்த்தார்.

"கொலை பண்றியா, சமைக்கிறியா?"

எழுந்துபோய்த் தன் பெட்டியிலிருந்து கடைக் கத்தியை எடுத்து வந்தார். இரண்டே வெட்டில் காய் பிளந்தது. தோல் தனி, விதை தனி, சதையெல்லாம் ஒரே அளவுத் துண்டு. அவர் கத்தியை வைத்ததும் நேரம் பார்க்க நான் ஓடவிட்ட போன் இரண்டு நிமிடம் பத்து நொடி என்றது. அப்படியே குறித்துக்கொண்டேன்.

வெந்ததும் ஒரு கிண்ணத்தில் போட்டு நீட்டினேன். "வெட்டத்தான் வந்தேன்" என்று கையைக் கழுவிக்கொண்டு போய்விட்டார்.

அக்டோபர் 18

முட்டைக்கோஸ், கேரட், காளான். வெட்டெல்லாம் அவர்தான். சாப்பாடா? கேட்காதே.

அக்டோபர் 22

டாக்டரிடம் போனோம். இன்னும் இரண்டு கிலோ போயிருக்கிறது. அப்பாவை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு என்னிடம் சொன்னார்: "உடம்புல தெம்பே இல்லன்னா இதயம் எத்தனை நாள் தாங்கும்? ரெண்டு வாரம் பார்ப்போம். அப்பவும் சாப்பிடலன்னா அட்மிட் பண்ணி மூக்கு வழியா ட்யூப் போடணும்."

பஸ்ஸில் அப்பா கேட்டார். "என்ன சொன்னான்?"

"நல்லா சாப்பிடச் சொன்னாருப்பா."

"அவனை முதல்ல சாப்பிடச் சொல்லு. காஞ்சு கிடக்கிறான்."

சிரித்தேன். வீட்டுக்கு வந்து குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். என்னடா பண்றது இந்த மனுஷனை வச்சுக்கிட்டு? ஊருக்கெல்லாம் சமையல் சொல்றேன், பெத்த அப்பாவை ஒரு வாய் சாப்பிட வைக்கத் துப்பில்ல. செத்துப்போயிடுவாரோ —

அக்டோபர் 28

என் பக்கத்துக்கு முப்பத்தொரு கடிதம். பெருமைப்பட்டுக்கொண்டே பிரித்தேன்.

"பரங்கிக்காய் நறுக்க இரண்டு நிமிடமா? எனக்கு முக்கால் மணி நேரம் ஆனது, மணிக்கட்டும் போனது." "சமைத்து முடிப்பதற்குள் பிள்ளைகள் தூங்கிவிட்டார்கள்." ஒருவர் மட்டும் சுருக்கமாக முடித்திருந்தார்: "எழுதியவர் பொய்யர்."

ஆசிரியர் கூப்பிட்டார். "நேரமெல்லாம் யாரு நறுக்கிப் பார்த்துப் போட்டது?"

சொன்னேன். ஆசிரியரம்மா கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். "கறிக்கடைக்காரர் கையை வச்சு நேரம் பார்த்துட்டு, அதையே எல்லார் வீட்டுக்கும் சுலபம்னு எழுதியிருக்கீங்க."

இப்படிச் சொன்னால் கேட்கத் தப்பாகத்தான் இருக்கிறது.

அக்டோபர் 29

கடிதங்களை அப்பா பார்த்துவிட்டார். 'பொய்யர்' என்ற இடத்தில் விரலை வைத்தார்.

"யாரைச் சொல்றான்?"

"என்னைத்தாம்பா."

"ரெண்டு நிமிஷம் என் கையோடது. அப்ப என்னைச் சொல்றான். நாளைக்கு உங்க ஆபீசுக்கு வர்றேன்."

அக்டோபர் 30

வந்தேவிட்டார். கத்தியைச் செய்தித்தாளில் சுற்றி, பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு. பக்கத்து இருக்கைக்காரர் எழுந்து போய்விட்டார்.

அலுவலகத்தில் சமையலைப் படம் எடுக்க ஒரு சிறிய சமையலறை உண்டு. எல்லோரும் சுற்றி நிற்க, ஒரு நிமிடம் ஐம்பது நொடியில் பரங்கிக்காயை முடித்தார். கைதட்டினார்கள். நான் எண்ணெய் தடவி ஓவனில் வைத்து எடுத்தேன். ஆசிரியர் தட்டை அப்பாவிடம் நீட்டிக் கேட்டார்.

"ஐயா, இது நல்லா இருக்குமா?"

கடை நாட்களில் தினமும் விடியற்காலையில் அன்றைய கறியில் ஒரு துண்டைச் சுட்டுத் தின்று பார்த்துவிட்டுத்தான் அப்பா கதவைத் திறப்பார். தான் தின்னாததை 'நல்லா இருக்கும்' என்று ஒருவரிடமும் சொன்னதில்லை. 'நல்லா இருக்காது' என்றும் சொன்னதில்லை.

தட்டைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். ஒரு துண்டை எடுத்து வாயில் போட்டு மென்றார். மென்றுகொண்டே இருந்தார்.

"உப்பு பத்தல. நடுவுல வேகல. யாரு சமைச்சது?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

"ஒரு துண்டை வச்சு முடிவா சொல்ல முடியாது" என்று தட்டோடு உட்கார்ந்துவிட்டார். திட்டிக்கொண்டே முழுவதையும் தின்றார். இத்தனை பேர் முன்னால் என் சமையலின் மானம் இப்படிப் போனதில்லை. இவ்வளவு சந்தோஷமாக நான் இருந்ததும் இல்லை.

நவம்பர் 1

திருத்தம் போட வேண்டுமாம். நானே தனியாக நறுக்கினேன். நாற்பத்தொரு நிமிடம், இரண்டு பிளாஸ்திரி. பக்கத்தின் பெயரை ஆசிரியர் 'ஓர் இலையுதிர் கால மாலை' என்று மாற்றிவிட்டார்.

நவம்பர் 5

ஒரு கிலோ ஏறியிருக்கிறது! ட்யூப் வேண்டாம்.

"இப்ப நல்லா சாப்பிடுறீங்களா ஐயா?" என்றார் டாக்டர்.

"சாப்பிடுறதெல்லாம் இல்ல. இவன் கண்டதை எழுதிடுறான். அச்சுக்குப் போகுறதுக்கு முன்னாடி சரியா இருக்கான்னு பார்க்கிறேன். மூணு வேளையும் பார்க்க வேண்டியிருக்கு."

நவம்பர் 23

எட்டாவது வாரமும் அச்சாகிவிட்டது. காலையில் மேசையைத் துடைத்துக்கொண்டிருந்தேன். அப்பா டீயோடு வந்து நின்றார்.

"வசந்த காலத்துல என்னடா காய் வரும்?"

ஆகஸ்டுக்குப் பிறகு 'அடுத்த வாரம்' என்றுகூடச் சொல்லாதவர். துணியைக் கீழே வைத்தேன்.

"பட்டாணிப்பா."

"அதுல வெட்ட என்ன இருக்கு?"

"உரிக்கணும்ப்பா."

"சரி, உரிப்போம்" என்றார்.