மூன்று பிளாஸ்டிக் முட்டைகள்

மகளின் அப்பாவுக்கு,

போனில் சொன்னால் சிரித்துச் சமாளித்துவிடுவீர்கள். அதனால்தான் எழுதி, லீவு முடிந்து கட்டாருக்குத் திரும்பும் உங்கள் பக்கத்து அறை முனீப்பிடம் கொடுத்தனுப்புகிறேன்.

நீங்கள் விட்டுப்போன கொக்கட்டியல் கிளிச் சோடியைப் பார்க்கவே அருவருப்பாக இருக்கிறது. துறைமுகப் பக்கமிருந்து காற்றடித்தால் கூட்டின் நாற்றம் குசினிக்குள் வருகிறது. சோற்றில் தினை உமி கிடக்கிறது. எச்சம் சுரண்டிய கையை எத்தனை தரம் சவர்க்காரம் போட்டுக் கழுவினாலும் சாப்பிட ஏலாது.

அதையும் பொறுத்தேன். பேடு ஓயாமல் முட்டையிட்டு மெலிகிறது என்றேன்.

"முட்டையை எடுத்திட்டு பிளாஸ்டிக் முட்டையை வையும். அதுக்கு விளங்காது, பேசாமல் இருக்கும்" என்றீர்கள்.

வைத்தேன். இருபத்தைந்து நாள் அவற்றின் மேலேயே கிடந்தது. தீன் தின்னக்கூடச் சரியாக இறங்கவில்லை. பெட்டியைத் துடைக்கக் கை நீட்டினால், அந்தப் பிளாஸ்டிக்குக்காக என்னை இரத்தம் வரக் கொத்தியது. அதை அங்கே வைத்ததும் என் கைதானே.

போன ஞாயிறு மகளிடம், "இந்த நத்தாருக்குக் கட்டாயம் வாறன், குஞ்சு" என்றீர்கள். நீங்கள் இப்படிச் சொல்வது இது ஐந்தாவது கிறிஸ்மஸுக்கு. அவள் உங்கள் சேட்டுகளை அலுமாரியிலிருந்து எடுத்து வெயிலில் காயப்போட்டாள்.

அங்கே உங்கள் அறையில் வேறு யார் இருக்கிறார் என்று முனீப்பிடம் கேட்டேன். அவர் தேத்தண்ணியை அப்படியே வைத்துவிட்டு எழும்பிவிட்டார்.

இனி மகளுக்கு வாறன் என்று சொல்ல வேண்டாம்.

மூன்று முட்டைகளையும் இந்தப் பார்சலில் வைத்திருக்கிறேன். கழுவவில்லை.

மகளின் அம்மா