ஹெல்மெட் போட்ட நர்ஸ் அக்காவுக்கு

அக்கா,

நேற்று உடையார்பாளையம் பஸ் ஸ்டாண்டில் மழைக்கு ஒதுங்கி நின்றேன். பக்கத்தில் ஒருவர் புது மழைக்கோட்டைப் பிரித்து உதறினார். அந்தப் பிளாஸ்டிக் வாடை மூக்கில் ஏறியதும், நீங்கள் இல்லை என்பது மறந்துபோய், சட்டென்று திரும்பிப் பார்த்தேன்.

கொரோனா வந்த முதல் கோடை. நம் முதியோர் இல்லத்துக்கு நர்ஸ் என்று இருந்தது நீங்கள் ஒருவர்தான். குளிப்பாட்டவும் சோறூட்டவும் குன்னத்திலிருந்து வந்தவள் நான். துவைத்துத் துவைத்துக் காது நாடா தொய்ந்துபோன மாஸ்க்குகளைத்தான் மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டிருந்தோம். கவச உடை கேட்டால், ஆஸ்பத்திரிகளுக்கே போதவில்லை என்றார்கள்.

அப்போதுதான், ஒரு காலத்தில் பஸ்ஸில் டிக்கெட் கிழித்த கண்டக்டர் தாத்தாவுக்குக் காய்ச்சல் கண்டது. ஆஸ்பத்திரியில் படுக்கை காலியாகும் வரை காத்திருக்கச் சொல்லிவிட்டார்கள். அவரைக் கடைசி அறைக்கு மாற்றிவிட்டு, நாங்கள் யாரும் அந்தப் பக்கம் வரக்கூடாது என்றீர்கள். உங்கள் மழைக்கோட்டை மாட்டி, ஸ்கூட்டி ஹெல்மெட்டைப் போட்டுக் கண்ணாடியை இறக்கிக்கொண்டு உள்ளே போனீர்கள். ஜன்னலுக்கு வெளியே நின்ற எனக்குத் தாத்தாவின் குரல் கேட்டது.

"எந்த ஊருக்கும்மா டிக்கெட்டு?"

"நான் எங்கயும் போவல. நீங்க எறங்கிடாம இருங்க, அது போதும்."

இரண்டு நாளில் ஒரு பெரிய மனிதர் காரில் வந்தார். பின்சீட்டு முழுக்கக் கவச உடைப் பெட்டிகள். பார்த்ததும் எனக்கு உயிர் வந்தது. ஆனால் அவர், தாத்தா பாட்டிகளை எல்லாம் முற்றத்துக்குக் கூட்டி வரச் சொன்னார். பேனரைப் பிடித்தபடி, முகம் தெரிய, மாஸ்க் இல்லாமல் நிற்க வேண்டுமாம். கூடவே படம் பிடிக்கிற ஆட்கள்.

நீங்கள் கேட்டைத் திறக்கவே இல்லை. "பெட்டிய வாசல்ல வச்சுட்டுப் போங்க. படம் வேணும்னா என்னைய எடுத்துக்குங்க. உள்ள இருக்கிறவங்க வெளிய வரமாட்டாங்க" என்றீர்கள். வாங்குகிற இடத்தில் இருந்துகொண்டு இவ்வளவு ரோஷமா என்று கேட்டுவிட்டு, பெட்டிகளோடு போய்விட்டார். எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. ரோஷத்தை வைத்து மூக்கை மூட முடியுமா என்று உங்களிடம் கத்தினேன். நீங்கள் ஸ்கூட்டியை எடுத்தீர்கள். "ஏறு, அரியலூர் போயிட்டு வருவோம்" என்றீர்கள்.

கவச உடை சப்ளை கொடுக்கும் அரசு ஆபீஸில் நம்மை வெளியே காத்திருக்கச் சொன்னார்கள். கத்திரி வெயில். சோப்புப் போட்டு அலசிக் கொண்டுவந்த மழைக்கோட்டைப் போட்டு, ஹெல்மெட்டையும் மாட்டிக்கொண்டு, நீங்கள் வாசலின் நடுவில் போய் நின்றீர்கள். கோட்டுக்குள்ளிருந்து வேர்வை சொட்டித் தரை நனைந்தது. வேடிக்கை பார்க்கக் கூட்டம் சேர்ந்ததும் அதிகாரி வெளியே வந்தார்.

"என்னம்மா வேஷம் இது?"

"வேஷம் இல்ல சார். இதப் போட்டுக்கிட்டுதான் காய்ச்சல்காரருக்குப் பீ அள்ளுறேன். நீங்களும் ஒருதடவ போட்டுப் பாருங்க." ஹெல்மெட்டைக் கழற்றி அவரிடம் நீட்டினீர்கள்.

அவர் வாங்கவில்லை. ஒதுக்கீடு ஆஸ்பத்திரிகளுக்கு மட்டும்தான் என்றார். உங்கள் குரல் உயரவில்லை.

"ஆஸ்பத்திரிக்கு யாரும் வராம பாத்துக்கிறதுதான் சார் எங்க வேல."

அவர் உள்ளே போய் யாருக்கோ போன் செய்தார். கவச உடையும் கிளவுஸும் கொண்ட ஒரு பெட்டியை நம்மிடம் கொடுத்தார்கள். நான் கும்பிடு போட்டுக்கொண்டிருந்தேன். நீங்களோ, "அடுத்த வாரம் எப்ப வரணும்?" என்று கேட்டீர்கள்.

கண்டக்டர் தாத்தா பிழைக்கவில்லை. படுக்கை கிடைக்கும் முன்பே போய்விட்டார். கடைசிவரை அவர் கையைப் பிடித்திருந்தீர்கள், சரியான உடையில், சரியான கையுறையில். அவருக்குப் பின் நம் இல்லத்தில் வேறு யாரையும் அந்த நோய்க்கு நாம் பறிகொடுக்கவில்லை.

போன வருஷம் வரதராஜன்பேட்டைக் கல்லறைத் தோட்டத்தில் உங்களை அடக்கம் செய்த அன்று ஒருவர் பேசினார். அமைதியானவராம். எல்லாரையும் அனுசரித்துப் போனவராம். என்னால் பொறுக்க முடியவில்லை. அத்தனை பேர் நடுவில், "இல்லங்க. அக்கா யாரையும் அனுசரிச்சுப் போனதில்ல. அதனாலதான் நாங்க உசுரோட நிக்கிறோம்" என்றேன். உங்கள் தம்பி என் கையைப் பிடித்து இழுத்தார். நான் நகரவில்லை.

இப்போது சப்ளை கேட்டு ஆபீஸ்களுக்குப் போவது நான்தான். நோயே போய்விட்டதே, இன்னும் எதற்கு என்கிறார்கள். அடுத்தது வருவதற்கு முன்னால் வேண்டும் என்கிறேன். என்னைக் கண்டாலே முகம் சுளிக்கிறார்கள். சுளிக்கட்டும். 'தயவு பண்ணி' என்ற சொல்லை நான் எங்கேயும் சொல்வதில்லை, அக்கா. நம் ஆட்களுக்குச் சேர வேண்டியதைத்தானே கேட்கிறேன்.