வீட்டுப் பேச்சு நோட்டு

அன்புள்ள அக்காவுக்கு,

முதலில் மன்னித்துக்கொள். ஞாயிற்றுக்கிழமைதோறும் போனில் பேசுகிறவளுக்கு எதற்குக் கடிதம் என்று நினைப்பாய். நாலு பேர் நடுவில் எனக்குப் பேச்சு வராது என்பது உனக்குத் தெரிந்ததுதான். ஆனால் இதைக் கூச்சத்தால் எழுதவில்லை. நாம் போனில் பேசும்போது உன் மகள் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறாள். உன்னோடு ஆஸ்பத்திரியில் வேலை செய்யும் நர்ஸ் லீவு முடிந்து இன்று இரவே விமானத்தில் அங்கே திரும்புவதால் அவர் கையிலேயே கொடுத்தனுப்புகிறேன்.

அம்மாவுக்கு மூட்டுவலி பரவாயில்லை. கடைவீதியில் யாராவது ‘டீச்சரோட அப்பா’ என்று கூப்பிட்டால் அப்பா இன்னமும் நின்று திரும்பிப் பார்த்துவிட்டுத்தான் நடக்கிறார். உன் வாலுப் பெண்ணுக்கு முன்பற்கள் இரண்டும் முளைத்துவிட்டன. என் மூன்றாம் வகுப்பில் முதல் பெஞ்சில் இருக்கிறாள். பள்ளியில் ‘டீச்சர்’, வீட்டுப் படி ஏறியதும் ‘சித்தி’. ஒருநாள்கூட மாற்றிக் கூப்பிட்டதில்லை.

ஆட்சி மாறியபின் வந்த உத்தரவில் பிள்ளைகளுக்குப் புதிதாக ஒரு நோட்டு கொடுத்திருக்கிறோம். ‘வீட்டுப் பேச்சு’ என்று பெயர். சாப்பிடும்போது பெரியவர்கள் என்ன பேசினார்கள் என்று தினமும் ஐந்து வரி எழுத வேண்டும். பக்கத்துக்குப் பக்கம் எண்ணும் முத்திரையும் உண்டு, கிழிக்க முடியாது. வியாழக்கிழமை நான் திருத்துவேன். வெள்ளிக்கிழமை கல்வி அலுவலகத்துக்குப் போய்த் திங்கட்கிழமை திரும்பி வரும். பிள்ளைகள் உண்மை பேசிப் பழகவே இந்த ஏற்பாடு என்று சுற்றறிக்கையில் இருந்தது. ஒளிக்காமல் சொல்கிறேன், எனக்கும் அது பிடித்திருந்தது. நாம் படித்த காலத்தில் நம் வீடு போன்ற வீடுகளில் என்ன பேசிக்கொள்கிறார்கள் என்று எந்த டீச்சர் கேட்டார்?

பெற்றோருக்கும் பெருமைதான். நல்ல நோட்டுக்கு மஞ்சள் ரிப்பன் குத்துவோம். அது இல்லாத பிள்ளையின் அம்மா கோயிலுக்குப் போனாலும் கடைக்குப் போனாலும் தலையைக் குனிந்துகொள்கிறாள். தெருமுனைத் தையல்கார அக்கா ஒருநாள் என்னிடம், “எங்க வீட்ல இப்போ உப்பு கேக்கணும்னாகூட ‘தயவுசெஞ்சு’ன்னுதான் கேக்கிறோம் டீச்சர். வயித்துல ஒரு நிருபரை இல்ல பெத்து வச்சிருக்கேன்!” என்று சொல்லிச் சிரித்தார். சிரித்து முடித்தவுடன், “இத எழுதிக்காதீங்க” என்றார்.

கடைசி பெஞ்சில் ஒரு பஸ் டிரைவரின் மகள் இருக்கிறாள். செய்தி வந்தால் அப்பா டி.வி.யை அணைத்துவிடுவார் என்று ஒரு நாள் எழுதியிருந்தாள். பயிற்சிக் கல்லூரியில் எனக்குச் சொல்லிக்கொடுத்தபடி, ஓரத்தில் சிவப்பு மையில் ‘ஏன்? விவரமாக எழுது’ என்று குறித்தேன். அதற்குமேல் நான் ஒன்றும் நினைக்கவில்லை, அக்கா. அந்தப் பெண் வீட்டுக்குப் போய்க் கேட்டிருக்கிறாள். அடுத்த வாரம், ‘எல்லாம் பொய் என்பதால்’ என்று முத்து முத்தாக எழுதி வந்தாள். பத்து நாளில் அந்த பஸ்ஸை வேறு ஒருவர் ஓட்டிக்கொண்டிருந்தார். டிரைவர் எங்கே என்று யாருக்கும் தெரியவில்லை. யாரும் கேட்கவும் இல்லை.

அவர் மனைவி பள்ளி வாசலில் வந்து நின்றார். திட்டுவார் என்று நினைத்தேன். “நீங்கதான டீச்சர் ஏன்னு கேட்டீங்க?” என்றார். அவ்வளவுதான். மகளின் பையை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார். இப்போது அந்தப் பெஞ்சில் அவள் மட்டும்தான் உட்காருகிறாள். மற்றவர்களை நகரும்படி நான் சொல்லவில்லை.

நம் வால் இதுவரை மூன்று ரிப்பன் வாங்கிவிட்டாள். தட்டுக்குப் பக்கத்தில் பென்சிலை வைத்துக்கொண்டுதான் சாப்பிடுகிறாள். அம்மாவும் அப்பாவும் சாதம் நன்றாக வெந்திருக்கிறது என்பதைத் தவிர எதுவும் பேசுவதில்லை. அதனால் அவள் ஞாயிற்றுக்கிழமைக்காகக் காத்திருக்கிறாள். போன வாரம் நீ அவளிடம், “அங்க படிச்சு என்னத்தடி கிழிக்கப் போற? வாய மூடிக்கிட்டு இருக்கத்தான சொல்லித் தர்றாங்க” என்றாய். விளையாட்டாகத்தான் சொன்னாய். அது அப்படியே நோட்டில் இருந்தது. தேதியும் மணியும்கூடப் போட்டிருந்தாள். விவரம் முக்கியம் என்று வகுப்பில் சொல்லிக்கொடுத்தவள் நான்தானே.

அன்று கைதவறியதுபோல் அந்தப் பக்கத்தில் டீயைக் கொட்டினேன். சாயங்காலம் முழுக்க அழுதாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு அடுத்த பக்கத்தில், நீ சொன்னதை ஒரு வார்த்தை பிசகாமல் மறுபடி எழுதினாள். கீழே, ‘சித்தி டீ கொட்டிவிட்டார்’ என்றும் சேர்த்திருந்தாள். அவள்மேல் கோபப்படாதே. அவளுக்குத் தெரிந்த நல்ல பிள்ளைத்தனம் இதுதான். நோட்டு நேற்று அலுவலகத்துக்குப் போய்விட்டது.

இன்று சனிக்கிழமை, விடுமுறை. ஆனாலும் காலையில் தலைமையாசிரியை கூப்பிட்டனுப்பினார். திட்டவில்லை, உட்காரச் சொன்னார். “உங்க அக்கா லீவுக்கு வர்றாங்களாமே? எந்தத் தேதி? எந்த விமானம்? சும்மா ஒரு பதிவுக்குத்தான் கேக்கிறேன்மா” என்றார். அலுவலகத்திலிருந்து வந்த ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். எனக்குத் தேதி தெரியாது என்றேன். தலைமையாசிரியை சிரித்தபடி, “குழந்தைக்குத் தெரிஞ்சிருக்குமே” என்றார்.

அவளுக்குத் தெரியும். நாட்காட்டியில் வட்டம் போட்டு வைத்திருக்கிறாள். இரண்டு வருடமாக உன்னைப் பார்க்காத பிள்ளை. விமான நிலையத்துக்குப் போட்டுப்போக எந்தச் சட்டை என்றுகூட முடிவு செய்துவிட்டாள்.

உடம்பைப் பார்த்துக்கொள். நேரத்துக்குச் சாப்பிடு. நீ எங்கே இருந்தாலும் நன்றாக இருக்க வேண்டும் என்று அம்மா தினமும் விளக்கேற்றும்போது உன் பெயரைத்தான் சொல்கிறாள், வாய்க்குள்ளேயே.

என்னைப் படிக்க வைத்தவள் நீ. உன்னிடம் நான் இதுவரை எதையும் கேட்டதில்லை. இதைக் கேட்கத்தான் இத்தனை பக்கம் எழுதினேன். அக்கா, லீவுக்கு வராதே. நாளை ஞாயிற்றுக்கிழமை போனில் லீவு கிடைக்கவில்லை என்று மட்டும் அவளிடம் சொல். காரணம் கேட்பாள். விவரமாகச் சொல்லாதே.

உன் தங்கை