நம் வீட்டுக்கு எந்த நாய்?

மார்ச் 4

வாலுவின் அப்பாவுக்கு,

இங்கே மூவரும் நலம். நீங்கள் கோபித்துக்கொண்டு போய் இரண்டு வருடமாகிறது. மாதாமாதம் பணம் வருகிறது, ஒரு வரி வருவதில்லை. சண்டை போட இதை எழுதவில்லை. உங்கள் மகளுக்கு நாய் வேண்டுமாம், ஒற்றைக்காலில் நிற்கிறாள். மாடிவீட்டார் ஒரு பொமரேனியன் வாங்கினார்கள். அது தன் நிழலைப் பார்த்தே குரைக்கிறது. என் மருந்துக்கடை முதலாளி லாப்ரடார்தான் நல்லது என்கிறார். உங்கள் அப்பாவோ, "நாய் வந்தா அடுத்த பஸ்ல நான் கிளம்பிடுவேன்" என்கிறார். வாழ்நாளெல்லாம் பஸ் ஓட்டிய மனுஷர், வேறொருவர் ஓட்டும் பஸ்ஸில் ஏறவே மாட்டார். அதனால் எனக்குக் கவலையில்லை.

நாய்களைப் பழக்கி விற்கும் இடத்தில்தானே வேலை செய்கிறீர்கள்? எங்களுக்கு எது சரிவரும் என்று மட்டும் எழுதுங்கள்.

வாலுவின் அம்மா

மார்ச் 11

அன்புள்ள உனக்கு,

உன் கடிதத்தை மூன்று முறை படித்தேன். நலம்.

இங்கே நாயின் குணத்தைச் சொல்வதற்கு முன்னால் வீட்டாரின் குணத்தைக் கேட்போம். கேட்காமல் குட்டி கொடுப்பதில்லை. கல்யாணத்தில்கூட இவ்வளவு விசாரிக்க மாட்டார்கள். அதனால்தான் விற்ற நாய் எங்களிடம் திரும்பி வருவது குறைவு.

மணி அடித்தால் கதவைத் திறப்பது யார்? மத்தியானம் தனியாக இருப்பது யார்? குரல் உயர்ந்தால் அறையை விட்டு வெளியே போவது யார்? திட்டு வாங்கினால் வாலு என்ன செய்வாள்? உள்ளதை உள்ளபடி எழுது.

வாலுவின் அப்பா

மார்ச் 19

வாலுவின் அப்பாவுக்கு,

கதவைத் திறப்பது வாலு. யாரென்று கேட்கவே மாட்டாள். மத்தியானம் மாமா மட்டும்தான், டி.வி.யை அலறவிட்டுக்கொண்டு. தன் குணத்தையும் எழுதச் சொன்னார்: "சாது. எதிர்ல வர்றவன் ஒழுங்கா வந்தா நானும் ஒழுங்கு."

உயர்வது என் குரல்தான், தெரிந்ததுதானே. வெளியே போகிற ஆள் இப்போது இந்த வீட்டில் இல்லை.

திட்டினால் வாலு கட்டிலுக்கு அடியில் போய்ப் பேசிக்கொண்டிருக்கிறாள். யாரிடம் என்று ஒருநாள் காது கொடுத்துக் கேட்டேன். இன்னும் வாங்காத நாயிடம்.

வாலுவின் அம்மா

மார்ச் 27

அன்புள்ள உனக்கு,

கட்டிலடி விஷயத்தைப் படித்துவிட்டு வேலை ஓடவில்லை.

லாப்ரடார் நல்ல பிள்ளை, ஆனால் திருடனுக்கும் வாலாட்டும். பீகிள் மூக்கு போன வழியே போகும். வாலு கதவைத் திறந்தால் பிள்ளையும் நாயும் சேர்ந்து தெருவுக்குப் போய்விடும். ஜெர்மன் ஷெப்பர்டில் ஒரு பெண் குட்டி பார்த்து வைத்திருக்கிறேன். அவற்றில் சில ஒரே ஆளிடம் உயிரை வைத்துவிடும். இது அந்த ரகம். வாலுவை விட்டு நகராது.

வாலுவின் அப்பா

ஏப்ரல் 3

வாலுவின் அப்பாவுக்கு,

ஒரே ஆளிடம் உயிரை வைக்கிற நாய் வேண்டவே வேண்டாம். அந்த ஆள் ஒருநாள் கதவைச் சாத்திக்கொண்டு போய்விட்டால் அது சாப்பிடாமல் கிடக்கும். நீங்கள் வீட்டை விட்டுப் போன அந்த வாரம் உங்கள் மகள் அப்படித்தான் கிடந்தாள். உங்களுக்கு யாரும் சொல்லவில்லை, நீங்களும் கேட்கவில்லை.

இரண்டு வருடத்தில் எங்களைப் பற்றி நீங்கள் கேட்ட முதல் கேள்விகள், அவையும் ஒரு நாய்க்காக. எனக்கு ஆத்திரமாக வந்தது. ஆனாலும் ஒவ்வொன்றுக்கும் யோசித்து யோசித்துப் பதில் எழுதினேன். ஏன் என்று நீங்களே கண்டுபிடியுங்கள்.

வாலுவின் அம்மா

ஏப்ரல் 12

அன்புள்ள உனக்கு,

நீ எழுதியது முழுக்க நியாயம். வருத்தப்படுகிறேன் என்று எழுதினால் அது போதாது.

இங்கே ஒரு பழுப்பு நாய் இருக்கிறது. ஜாதி கிடையாது, ஒரு காது மடிந்தது. குரைக்காது, பந்தை எடுத்து வராது. உதவாக்கரை என்று இரண்டு வீட்டார் திருப்பி அனுப்பினார்கள். ஆனால் யாராவது சத்தம் போட்டால் அது ஓடி ஒளியாது. மெல்ல வந்து, சத்தம் போடுகிறவர் காலடியில் உட்காரும். எனக்கு ஒருநாளும் வராத வித்தை அது. கேட்டவர்களிடம் அதற்கு உடம்பு சரியில்லை என்று பொய் சொல்லி என்னோடே வைத்திருக்கிறேன். வாலுவுக்கு அதைத்தான் கொடுக்க நினைக்கிறேன்.

ஒன்று. வளர்ந்த நாயைக் கொடுத்துவிட்டு உடனே வந்துவிடக் கூடாது. புதிய வீட்டார் கையிலிருந்து அது சாப்பிடும்வரை பழகிய ஆள் கூடவே தங்க வேண்டும், அதுதான் எங்கள் வழக்கம். வரலாமா?

வாலுவின் அப்பா

ஏப்ரல் 18

வாலுவின் அப்பாவுக்கு,

வரலாம். முன்னறையைக் காலி செய்தாயிற்று. வாலு கால் தரையில் பாவாமல் திரிகிறாள்.

மாமாவிடம் உங்கள் கடிதத்தைப் படித்துக் காட்டினேன். டி.வி.யை அணைத்துவிட்டுக் கேட்டார். "எத்தனை நாள் இருப்பான்?" என்றார். நாய் நம் கையில் சாப்பிடும்வரை என்றேன். "அப்ப அதுக்கு யாரும் கையால எதுவும் குடுத்துடாதீங்க" என்றார்.

எனக்கு அதில் சம்மதமில்லை. வந்த அன்றைக்கே என் கையால் ஊட்டப் போகிறேன். மறுநாளும் நீங்கள் இருந்தால், அது நாய்க்காக இல்லை என்று வீட்டில் எல்லாருக்கும் தெரியட்டும்.

உங்கள் மனைவி