எவர்சில்வர் டப்பா

ஸ்ரீராம்புரம், பெங்களூரு
4 ஜனவரி 2025

அன்புள்ள அண்ணிக்கு,

நீங்கள் பிரசவத்துக்கு ஆம்பூர் போனதிலிருந்து இங்கே நான்தான் குழம்பு வைக்கிறேன். அண்ணன் ஒரு வாய் சாப்பிட்டுவிட்டு ஊறுகாய் பாட்டிலைத் தேடுகிறான். அது தீர்ந்ததும் ஆம்பூருக்கே ஓடி வந்துவிடுவான்.

போனில் கேட்டால் சிரித்து மழுப்பிவிடுவீர்கள் என்றுதான் எழுதுகிறேன். எங்கள் லேபில் சினை எலிகளுக்குத் தண்ணீரில் பிளாஸ்டிக் தூள் கலந்து கொடுப்பதைச் சொன்னேனே, குட்டிகள் எடை குறைந்து பிறக்கின்றன. சில பிறந்ததுமே செத்துப்போகின்றன. மனிதர்களுக்கும் அப்படியா என்று தெரியாது. அதனால் பிரசவமான பெண்களின் நஞ்சுக்கொடியைச் சேகரித்துச் சோதிக்கிறோம். பிளாஸ்டிக்கை அண்டாத ஒருத்தியுடையதும் வேண்டும். உங்களை விட்டால் யார்? மண்பானைத் தண்ணீரும் துணிப்பையுமாக எங்கள் உயிரை வாங்கியவராயிற்றே.

சிவாஜிநகரில் புது எவர்சில்வர் டப்பா ஒன்று வாங்கி அனுப்பியிருக்கிறேன். ஆஸ்பத்திரியில் அதில் போட்டு, ஐஸில் வைத்து அண்ணனிடம் கொடுத்தால் போதும். சம்மதமா?

அன்பு நாத்தனார்,
அம்ருதா


ஆம்பூர்
13 ஜனவரி 2025

அன்பு அம்ருதாவுக்கு,

டப்பா வந்தது. அம்மா அதைச் சீர் என்று நினைத்து முறுக்கு போட்டு மூடிவிட்டார். மீட்டுக் கழுவி வைத்திருக்கிறேன். பிள்ளை உள்ளே உதைக்கிற உதையைப் பார்த்தால் உன்னைப் போலத்தான் இருக்கும்.

எனக்குச் சம்மதம். அம்மாவுக்குத்தான் மனம் ஒப்பவில்லை. எங்கள் வீட்டில் கொடியைப் பின்கட்டில் மண்ணில் புதைப்பது வழக்கம். "கொழந்தையோட கூடவே பொறந்தது அது. வேற எங்கயோ கெடந்தா புள்ள தேடும்" என்கிறார். பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்துவிடுவாய் என்று சொல்லிச் சமாதானப்படுத்தியிருக்கிறேன். அப்படித்தானே? போன் செய்து சொல்.

உன் அண்ணி,
தாரணி


ஆம்பூர்
20 மார்ச் 2025

அன்பு அம்ருதாவுக்கு,

நீ வந்து பக்கத்தில் உட்கார்ந்திருந்தபோது என்னால் பேச முடியவில்லை. அதனால் எழுதுகிறேன்.

பிறக்கும்போதே உயிர் இல்லை என்றார்கள். நான் கொஞ்ச நேரம் வைத்திருந்தேன். மூக்கு உன் அண்ணனுடையது. ஏன் இப்படி ஆனது என்று டாக்டரம்மாவைக் கேட்டேன், சில சமயம் காரணம் தெரியாது என்றார். அக்கம்பக்கத்தில் என் ராசி என்கிறார்கள்.

நீ படித்தவள், நீ சொல். உன் அண்ணன் டப்பாவில் கொண்டு வந்து கொடுத்த அந்தக் கொடியில் பிளாஸ்டிக் இருந்ததா? என் குழந்தை அதனால்தான் போனதா?

இன்னொன்று. அவளை மண்ணில் தனியாகப் படுக்க வைத்திருக்கிறோம். பக்கத்தில் கொஞ்சம் இடம் விட்டிருக்கிறோம். அன்று போனில் "சரி அண்ணி" என்றாயே, கொடியைக் கொண்டு வந்து கொடு. அம்மா தினமும் கேட்கிறார்.

தாரணி


ஸ்ரீராம்புரம், பெங்களூரு
28 மார்ச் 2025

அன்புள்ள அண்ணிக்கு,

இருந்தது. மற்றவர்களுடையதில் இருந்த அளவுக்கே உங்களுடையதிலும் இருந்தது. எந்த வழியாக வந்தது என்று சொல்ல முடியவில்லை. மூச்சுக்காற்றிலேயே வந்திருக்கலாம். நீங்கள் எதையும் தவறாகச் செய்யவில்லை.

அதனால்தான் போனாளா என்பது தெரியாது. எலிகளை வைத்து ஆமாம் என்றாலும் பொய், இல்லை என்றாலும் பொய். இதைக்கூடச் சொல்லத் தெரியாத படிப்பு என்ன படிப்பு என்று எனக்கே வெறுத்துவிட்டது.

கொடியைத் தர முடியாது அண்ணி. தூளைத் தேடுவதற்குச் சதையை முதலில் காரக் கரைசலில் ஊற வைத்துக் கரைப்போம். உடம்பாக இருந்த எல்லாம் கரைந்துவிடும். பிளாஸ்டிக் மட்டும் கரையாது. அதை வடிதாளில் வடித்து எடுப்போம். அந்தத் தாள் ஒரு கண்ணாடிக் கிண்ணத்தில் இருக்கிறது. உங்களுடையதும் குழந்தையுடையதுமாக வேறு எதுவும் மிஞ்சவில்லை. "சரி அண்ணி" என்று சொன்னபோதே எனக்கு இது தெரியும். குழந்தை பிறந்த சந்தோஷத்தில் மறந்துவிடுவீர்கள் என்று நினைத்தேன்.

டப்பாவைக் கழுவி வைத்திருக்கிறேன். அதைப் பார்க்கவே முடியவில்லை. ஞாயிற்றுக்கிழமை வந்து காலில் விழட்டுமா?

அம்ருதா


ஆம்பூர்
5 ஏப்ரல் 2025

அம்ருதாவுக்கு,

அந்தத் தாளை அனுப்பு. எங்களுக்குள் இருந்ததில் மிஞ்சியது அது ஒன்றுதான் என்கிறாய். காரத்துக்கே கரையாதது மண்ணிலும் கரையாது. அவள் பக்கத்தில் அதையே வைக்கிறேன். அம்மாவிடம் கொடி வந்துவிட்டது என்று சொல்லிக்கொள்கிறேன்.

டப்பா உன்னிடமே இருக்கட்டும். தாளை உன் அண்ணனிடம் கொடுத்தனுப்பு. நீ வர வேண்டாம்.

தாரணி