நாலரை மணி மிஸ்டு கால்

என் சாமுவேலுக்கு,

நீ போய் மூன்று மாதம் ஆகிறது. சாரல் தொடங்கிவிட்டது. வழக்கம்போல ஐந்தருவியில் பழக்கடை போட்டிருக்கிறேன். மங்குஸ்தான் இந்த வருஷம் பரவாயில்லை. ஆட்கள் வருகிறார்கள், எடை போட்டுக் கொடுக்கிறேன். எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. உன்னைக் குழிக்குள் இறக்கியபோதும் ஒரு சொட்டுக் கண்ணீர் வரவில்லை.

சுரண்டையில் அந்தக் கன்வென்ஷன் கூட்டம் முடிந்து பஸ்ஸில் தென்காசிக்குத் திரும்பும்போது நாம் பேசிக்கொண்டது நினைவிருக்கிறதா? தினமும் காலை நாலரைக்கு எழுந்து ஒரு மணி நேரம் முழங்காலில் நின்று ஜெபிப்பது, எழுந்ததற்கு அடையாளமாக ஒருவருக்கொருவர் ஒரு மிஸ்டு கால் கொடுப்பது. "ஜெபம் வருதோ வரலையோ மச்சான், முட்டி தரையில படணும். பொறவு அதுவே பழகிரும்," என்றாய்.

நீ உயிரோடு இருந்தபோது சொல்லாததை இப்போது சொல்கிறேன். பாதி நாள் நான் உனக்குக் கூப்பிட்டுவிட்டுத் திரும்பப் படுத்துக்கொண்டேன். கண்ணைத் திறக்காமலே உன் பெயரை அமுக்கப் பழகியிருந்தேன். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் கோயிலில் நீ என் தோளைத் தட்டி, "விடாமப் பிடிச்சிட்டியே மச்சான்," என்பாய். நானும் வெட்கமில்லாமல் தலையை ஆட்டுவேன்.

உன்னை அடக்கம் செய்த மறுநாள் நாலரைக்குத் தானாக விழிப்பு வந்தது. யாருக்குக் கூப்பிட? எழுந்து லைட்டைப் போட்டு முழங்காலில் நின்றேன். கர்த்தாவே என்றேன். அதற்கு மேல் வார்த்தை வரவில்லை. ஒரு மணி நேரம் சுவரைப் பார்த்துவிட்டு எழுந்தேன். அன்றிலிருந்து ஒரு நாள் தவறவில்லை. இதெல்லாம் ஜெபத்தில் சேருமா? ஏமாற்ற ஆளில்லாமல் போனபிறகு வந்த ஒழுங்கை ஆண்டவர் என்ன செய்வார்? எனக்கு முட்டி வலிதான் தெரிகிறது.

போன வாரம் நிறுத்திவிடலாம் என்று முடிவு பண்ணினேன். அதற்கு முன் எஸ்தரிடமாவது உண்மையைச் சொல்லிவிட வேண்டும் என்று உன் வீட்டுக்குப் போனேன். டீ கொடுத்தாள். "தங்கச்சி, நான் ஒன் வீட்டுக்காரனை ஏமாத்திட்டேம்மா," என்று ஆரம்பித்து எல்லாவற்றையும் சொன்னேன். அவள் முகத்தில் ஆச்சரியமே இல்லை.

"அவியளுக்குத் தெரியும்ண்ணே. ஒங்க கால் வந்ததும் மாடிக்குப் போயிப் பாப்பாவ. ஒங்க வீட்டு ஜன்னல்ல லைட் எரியலைன்னா சிரிச்சிக்கிட்டே கீழ வருவாவ. 'மச்சான் படுத்துட்டான், அவனுக்கும் சேத்து நான்தான் நிக்கணும்'னு சொல்லி இன்னும் அரை மணி நேரம் கூட முட்டி போடுவாவ."

நம் இரண்டு வீட்டுக்கும் நடுவே ஒரு தெருதான். அது எனக்கு ஒரு நாளும் உறைக்கவில்லை பார். அத்தனை வருஷமும் தெரிந்து வைத்துக்கொண்டுதான் தோளைத் தட்டினாயா? ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதா? கேட்டிருந்தால் நான் சண்டை பிடித்து, மிஸ்டு காலையும் நிறுத்தியிருப்பேன். அதுவும் உனக்குத் தெரிந்திருக்கும்.

அப்போதும் அழுகை வரவில்லை. டீயைக் குடித்து முடித்தேன். வாசலில் செருப்பை மாட்டும்போது எஸ்தர் பின்னாலேயே வந்தாள்.

"இப்பம் எனக்கும் நாலரைக்கு முழிப்பு வந்துருதுண்ணே. ஜெபம் பண்ண முடியலை. மாடியில போயி நிக்கேன். ஒங்க வீட்டு லைட் எரியும். அதைப் பாத்துட்டுக் கீழ வந்து உக்காருதேன். அதுக்குப் பொறவுதான் அடுப்பைப் பத்த வைக்கவே கை வருது."

நிறுத்தப் போகிறேன் என்று அவளிடம் சொல்லவில்லை. இப்போது உன்னிடம் சொல்கிறேன், நிறுத்த மாட்டேன். வார்த்தை வந்தாலும் வராவிட்டாலும் நாலரைக்கு இந்த ஜன்னலில் லைட் எரியும். அரை மணி நேரம் கூடுதலாகவே நிற்பேன், எஸ்தருக்கும் சேர்த்து. லைட்டைப் போட்டுவிட்டுத் திரும்பப் படுக்கவும் மாட்டேன். என்னைத் தெரிந்தவன் நீ, அதனால்தான் அதையும் சொல்லி வைக்கிறேன்.

நீ விட்டுப்போன இடத்தில் முட்டி போட்டிருக்கும் உன் மச்சான்,
துரைராஜ்